வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு எந்தப் பாசனம்? முதலில் தொட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள்

மாடித்தோட்டம் தொடங்குவோர் பலர், கடையில் கிடைக்கும் டிரிப் கிட் (சொட்டுநீர்ப் பாசனக் கருவித் தொகுப்பு) ஒன்றை வாங்கி மாட்டிய சில நாட்களிலேயே, குழாயின் தொடக்கத்தில் உள்ள செடிப் பைகள் நனைந்து வழிவதையும் கடைசியில் உள்ளவை காய்ந்து கிடப்பதையும் காண்கிறார்கள். கிட் தரமற்றது என்று அவர்கள் எண்ணுவதுண்டு. பெரும்பாலும் காரணம் வேறு: தங்கள் வீட்டில் நீர் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்பதை அறியாமல் கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆகவே இந்த விளக்கம் கடையிலிருந்து தொடங்காமல் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குகிறது.

படி 1: உயரத்தை அளத்தல்

மோட்டார் இல்லாமல் தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு உயரமே அழுத்தம். 10 மீட்டர் உயரம் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தைத் தரும். 1 மீட்டர் உயரம் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும். இரண்டு மாடிக்கு மேல் இருக்கும் தொட்டியிலிருந்து கொல்லைப்புறத்துக்கு நீர் இறங்கினால் 0.6 பார் அளவில் கிடைக்கும். ஆனால் தோட்டமும் மொட்டைமாடியில், தொட்டியும் படிக்கட்டு அறையின் கூரைமேல் என்றால் உயர வேறுபாடு சுமார் 2.5 மீட்டர், அதாவது கால் பார் மட்டுமே. தொட்டி மாடித் தளத்திலேயே வைக்கப்பட்டிருந்தால் நீர்மட்டம் இறங்க இறங்க அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்; அங்கே டிரிப்பை விட்டுவிடுவதே நல்லது, அல்லது தொட்டியை உறுதியான மேடைமேல் ஏற்ற வேண்டும்.

டிரிப்பரில், அதாவது நீரைச் சொட்டவிடும் சிறு முனையில், 'மணிக்கு 4 லிட்டர்' என்று அச்சிட்டிருப்பது பொதுவாக 1 பார் அழுத்தத்துக்கான கணக்கு. சாதாரண டிரிப்பரில் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைவதால், கால் பாரில் ஏறத்தாழ 2 லிட்டரும், 1 மீட்டர் உயரத்தில் சுமார் ஒன்றேகால் லிட்டரும் வரும். இப்படிக் குறைவாக வருவது ஒரு குறையே அன்று. பாய்ச்சும் நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். சீரில்லாமல் வருவதுதான் குறை. உயரமே 1 மீட்டர் என்ற இடத்தில், ஒரு பையை அரை மீட்டர் ஸ்டாண்டில் ஏற்றி வைத்தால் அதற்குரிய அழுத்தத்தில் பாதி போய்விடும் என்பதால், ஒரே குழாயில் வரும் பைகள் அனைத்தையும் ஒரே மட்டத்தில் அடுக்குவது அவசியம்.

அழுத்த வேறுபாட்டைத் தானே ஈடுசெய்யும் விலை கூடிய டிரிப்பர்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை சரியாக வேலை செய்ய அரை பாராவது வேண்டும். மோட்டார் வைத்துப் பாய்ச்சுவோர்க்கு அவை அருமையானவை. உயரம் குறைந்த மாடித் தொட்டிக்கு அவற்றை வாங்குவது வீண் செலவு.

படி 2: நீர்வரத்தை அளத்தல்

தோட்டத்துக்கான குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 லிட்டர் வரத்து. அதில் முக்கால் பங்குக்குமேல் ஒரே நேரத்தில் செலவழிக்கத் திட்டமிடாதீர்கள். பைகள் மிகுதியானால் இரண்டு வால்வு வைத்து இரண்டு பகுதியாகப் பிரித்துப் பாய்ச்சலாம்.

படி 3: பயிரையும் மண்ணையும் பார்த்தல்

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவை தனித்தனிப் பையில் ஒற்றைச் செடியாக நிற்பவை. அவற்றுக்கு டிரிப் மிகப் பொருத்தம். தக்காளிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்: ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும்போது பழம் வெடிப்பதும் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் மிகுதியாகின்றன. கீரைப் பாத்தி அப்படியன்று. நெருக்கமாகத் தூவிய விதைகள் முளைக்க மேல்மண் முழுவதும் நனைய வேண்டியிருப்பதால், பூவாளிக்கு இணையான கருவி கீரைக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. தூவிப் பாய்ச்சும் சிறு ஸ்பிரிங்ளரும் கீரைக்கு உதவும். ஆனால் மாலையில் இலைகள் நனைந்து இரவெல்லாம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை நோய் பரவும் என்பதால் காலையில் மட்டும் பயன்படுத்துங்கள்.

தரையில் பாத்தி கட்டுவோர் மண்ணைக் கவனிக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணில் நீர் நேரே கீழே இறங்குவதால் 30 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் வேண்டும். களிமண்ணில் பக்கவாட்டில் பரவுவதால் 45 செ.மீ. இடைவெளியும் போதும்.

பாகல், சுரை, பூசணி போன்ற கொடிகளுக்கு மண்பானையை மறந்துவிடாதீர்கள். மேற்பூச்சு ஏதுமில்லாத பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பினால், மண் காயும்போது மட்டும் சுவர் வழியே ஈரம் கசியும். அழுத்தமோ மின்சாரமோ தேவையில்லை. கொசு முட்டையிடாதபடி வாயை இறுக மூடி வைக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

படி 4: உறுப்புகளை வாங்குதல்

தொட்டியிலிருந்து வரும் இணைப்பில் வால்வு, அதை அடுத்து 120 மெஷ் (ஓர் அங்குல நீளத்துக்கு 120 கண்கள்) வலைவடிகட்டி, பிறகு 16 மி.மீ. கறுப்புக் குழாய், அதிலிருந்து ஒவ்வொரு பைக்கும் 4 மி.மீ. நுண்குழாய், நுனியில் டிரிப்பர், பெரிய குழாயின் கடைசியில் கழற்றக்கூடிய மூடி. நுண்குழாயும் கறுப்பாகவே இருக்கட்டும்; ஒளி புகும் குழாய்களில் பாசி வளர்ந்து அடைத்துக்கொள்ளும். உங்களுடையது உப்புப் படியும் ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், திறந்து கழுவக்கூடிய டிரிப்பர்களையே கேட்டு வாங்குங்கள். நீர்த்த வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்தால் சுண்ணப்படிவு கரைந்துவிடும்.

தானியங்கி டைமர் வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். காந்த வால்வு கொண்ட டைமர்கள் பல, நீரின் அழுத்தத்தைக் கொண்டே திறந்து மூடுபவை; தொட்டி நீரில் அவை சரியாக இயங்காமல் போகலாம். உயரம் குறைந்த தொட்டிக்கு, சிறு மோட்டாரால் திரும்பும் பந்து வால்வு கொண்டதே ஏற்றது.

படி 5: ஓடவிட்டுச் சோதித்தல்

குழாயின் கடைசி மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் நீரை ஓடவிட்டு, உள்ளே உள்ள தூசியை வெளியேற்றிய பின் மூடுங்கள். தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களில் டிரிப்பரின் கீழ் டம்ளர் வைத்து, 15 நிமிடத்தில் சேரும் நீரை ஒப்பிடுங்கள். கடைசி டம்ளரில் மிகவும் குறைந்தால், நீரைக் குழாயின் ஒரு முனையில் விடாமல் நடுவில் இணைத்தால் பெருமளவு சரியாகும்.

கோடையில் நன்கு வளர்ந்த ஒரு தக்காளிச் செடி நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கும். டம்ளரில் 500 மி.லி. சேர்ந்திருந்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பாய்ச்ச வேண்டும் என்று கணக்கு வரும். அதைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்தால் நீர் பையின் அடித்துளை வழியே வீணாகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டைமரை நிறுத்திவிட்டு, விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருக்கும் நாட்களில் மட்டும் வால்வைத் திறந்துவிடுங்கள்.