சென்னையின் அருங்காட்சியகங்களைப் பார்க்கும் முறை

எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமைகளிலும், முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா செவ்வாய்க்கிழமைகளிலும் மூடப்பட்டிருக்கும் என்பதால், முதலில் நாளைத் தேர்ந்துகொண்டு பிறகு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு முற்பகலை ஒதுக்க வேண்டும். வளாகம் பெரியது, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே கால்கள் சோர்வதற்கு முன்பே செப்புத் திருமேனிகளின் கூடத்துக்குச் செல்லுங்கள். திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் முன்னின்று மட்டும் பார்க்காமல், இயன்றவரை பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். உடலின் வளைவையும் எடை ஒரு காலில் ஊன்றி நிற்பதையும் சோழர்காலச் சிற்பிகள் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கும். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் வேலைப்பாட்டை இவ்வளவு தெளிவாகக் காணும் வாய்ப்பு அரிது என்பதால், இந்தக் கூடத்தில் அவசரப்படவே கூடாது. அதன்பின் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களையும் ஆதிச்சநல்லூர்த் தொல்பொருள்களையும் காணலாம்.

கோட்டை அருங்காட்சியகம் தலைமைச் செயலக வளாகத்துக்குள் இருப்பதால், நுழைவாயில் சோதனைக்கு அடையாள அட்டையை எடுத்துச் செல்வது நல்லது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி அங்கே பாதுகாக்கப்படுகிறது.

தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியுள்ள தட்சிணசித்ராவைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் போகும் வழியில் பார்த்துவிடலாம்.