சுண்டெலித் தோலில் கெரட்டின் பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

கெரட்டின் என்பது தோல் செல்லுக்கு உறுதி தரும் இழைப் புரதம்; எண்கள் அதன் வகைகள். மேல்தோலின் அடி அடுக்கில் கெரட்டின் 5, 14. செல் அங்கிருந்து மேலேறி முதிரத் தொடங்கினால் 1, 10. பாடம் சரிதான். ஆனால் ஸ்லைடில் 14 இரண்டாம் அடுக்கிலும் பளிச்சென்று தெரிந்ததும், "முதிர்ச்சி கெட்டுவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அடி அடுக்கை விட்டதும் ஜீன் அடங்கிவிடும். ஏற்கெனவே பின்னிய இழை அவ்வளவு சீக்கிரம் கலையாது. ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டும் பொருள்) காட்டுவது அந்தப் பழைய இழையாகவும் இருக்கலாம். ஜீன் இன்னும் ஓடுகிறதா என்று, அது ஓடும்போது உருவாகும் நகலான ஆர்.என்.ஏ.வைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கெரட்டின் 6 இன்னொரு பொறி. காயத்தில் தலைகாட்டும் புரதம் என்பதால் எங்கே கண்டாலும் பதறுகிறோம். மயிர்க்காலுக்குள் அது எப்போதும் உண்டு. மயிர்க்கால்களுக்கு இடைப்பட்ட தோலில் தெரிந்தால்தான் விஷயம். அப்போதும், முந்தின நாள் அந்த இடத்தை ஷேவ் செய்தோமா என்று யோசியுங்கள். ரேசர் கீறினாலும் 6 வரும்.

எந்த இடத்துத் தோல் என்பதைக் குறிக்காமல் விடுவதும் வழக்கமாக நடக்கிறது. வாலில் செதில்களுக்கு இடையில்தான் 10 வரும்; செதில் மேலுள்ள செல்கள் வேறு வழியில் முதிர்கின்றன. முதுகுத் தோலை வைத்து வாலைப் படித்தால் குழப்பம்தான். வயதும் அப்படியே. 4 வார எலியின் முதுகில் முடி வளரும் பருவம், தோல் தடித்திருக்கும். 8 வாரத்தில் ஓய்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்து "தடித்துவிட்டது" என்றால் என்ன அர்த்தம்? ஒரே ஈற்றுக் குட்டிகளை, ஒரே வயதில் ஒப்பிடுங்கள்.

நான் முதலில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் முறை) போட்டபோது கெரட்டின் பட்டை மங்கலாகத்தான் வந்தது. ஆன்டிபாடியைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது. சாதாரண டிடர்ஜென்ட் பஃபரில் கெரட்டினில் பெரும்பகுதி கரையாது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் ட்யூபின் அடியில் படிந்துவிடும். மேலே நின்ற தெளிந்த நீரை ஜெல்லில் ஏற்றிவிட்டு, படிவைக் குப்பையில் போட்டிருந்தேன். அப்புறம் அந்தப் படிவையே யூரியா பஃபரில் கரைத்து ஏற்றினேன், பட்டை கட்டைபோல வந்தது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு (மாதிரியில் என்னென்ன புரதங்கள் என்று பட்டியலிடும் சோதனை) அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: முதுகுத் தோல் மாதிரியின் முடிவுப் பட்டியலில் மனிதக் கெரட்டின் 9 இருந்தால் எலியைச் சந்தேகிக்காதீர்கள். 9 உள்ளங்கை, உள்ளங்காலுக்கு உரியது. யாரோ கையுறை போடாமல் ட்யூபைத் தொட்டிருக்கிறார்கள்.