கோர்சிகா ஏற்றத்தில் அறுந்த கியர் கேபிள்

போர்ட்டோவிலிருந்து பியானாவுக்குப் போகும் டி81 சாலை சிவந்த கிரானைட் பாறைகளுக்கு நடுவே 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பிரான்சின் தீவான கோர்சிகாவிலேயே அழகான சாலை அதுதான் என்பேன். அதில் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தபோது, பாதி ஏற்றத்தில் பின் கியர் கேபிள் கியர் மாற்றும் லீவருக்குள்ளேயே அறுந்தது. உடனே ஸ்பிரிங் செயினை ஆகச் சிறிய பற்சக்கரத்துக்கு இழுத்துவிட்டது. மூட்டைகளோடு அந்த கியரில் ஒரு மிதி மிதிக்க முடியாது.

செயினைப் பற்சக்கரம் மாற்றிவிடும் டீரெய்லரில் 'எச்' என்று குறியிட்ட குட்டி ஸ்க்ரூ இருக்கும்; செயின் வெளிப்பக்கம் எதுவரை போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். டீரெய்லரைக் கையால் சக்கரத்தின் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதை உள்ளே முறுக்கினேன். செயின் இரண்டு பற்சக்கரம் உள்ளே வந்தது, போதவில்லை. சட்டத்தின் அடியில் வெளியே தெரிந்த மிச்ச கேபிளை இழுத்து, செயின் நடுவில் வந்து நின்றதும் தண்ணீர் பாட்டில் கூண்டின் போல்ட்டுக்கு அடியில் வைத்து இறுக்கினேன். முன்பக்கம், மிதிகளோடு சேர்ந்து இரண்டு பற்சக்கரம் இருந்ததால் கைவசம் இரண்டு கியர். மெதுவாகத்தான், ஆனால் ஏறியது.

அஜாக்சியோ நகரில் புது கேபிள் கிடைத்தது. லீவருக்குள் சிக்கிய பழைய கேபிளின் தலையை எடுப்பதுதான் பெரும்பாடு. லீவரைச் சிறிய பற்சக்கர நிலைவரை சொடுக்கினால்தான் அது வெளியே வரும் துளை நேராக வரும். பிறகு சாமணம் போதும். எச் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறக்கக் கூடாது.

பொனிஃபாசியோ துறைமுகத்தில் கப்பலேறி, பக்கத்து இத்தாலியத் தீவான சார்டினியாவில் 1,017 மீட்டர் உயர ஜென்னா சிலானா கணவாயை எல்லா கியரோடும் ஏறினேன். உபரி கேபிள் ஒன்று இப்போது சீட் கம்பிக்குள் இருக்கிறது.