டேபிள்டாப் ஆர்பிஜியில் கடற்படைத் தளபதி: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை விளையாட்டு. நான் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, இருக்கும் ஆட்டத்தில் ஒருவருடைய கேரக்டர் நான்கு கப்பல்களுக்குத் தளபதி ஆனது. முதல் கடற்சண்டையில் நான்கையும் அவரே நகர்த்தினார். மற்ற மூவரும் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான் மாற்றி அமைத்த முறை இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் 5ஆம் பதிப்பு, 2014 விதிகளை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: கப்பல்களைப் பிரித்துக் கொடுங்கள்

ஆளுக்கு ஒரு கப்பல். தளபதிக்குத் தலைமைக் கப்பல், மற்றவர்கள் கேப்டன்கள். தளபதி தன் கப்பலைத் தவிர வேறு எதையும் கையால் தொடக்கூடாது.

படி 2: நேரத்தை நீட்டுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். வழக்கமான சண்டையில் ஒரு ரவுண்டு, அதாவது எல்லோரும் ஒரு தடவை ஆடி முடிப்பது, கதை நேரத்தில் 6 விநாடி. போர்க்கப்பலின் வேகம் மணிக்கு 2.5 மைல், அதாவது ஒரு ரவுண்டுக்கு 22 அடி. ஒரு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் எதிரியை எட்ட 24 நிமிடம் ஆகும். ரவுண்டுக் கணக்கில் 240! நாங்கள் பதினைந்தாவது ரவுண்டிலேயே நிறுத்திவிட்டோம்.

அதனால் கடலில் எல்லாக் கப்பல்களும் ஒரு தடவை நகரும் ஒரு முறை என்பதைக் கதை நேரத்தில் 5 நிமிடம் என்று வையுங்கள். அறுகோணக் கட்டம் ஒன்று 500 அடி. போர்க்கப்பல் 2 கட்டம், துடுப்புப் போட்டு வரும் கேலி 3 கட்டம் நகரும். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் 150 அடிதான் எட்டும் என்பதால், இரண்டு கப்பல்கள் ஒரே கட்டத்துக்குள் வந்தால்தான் மந்திரவாதிக்கு வேலை. அப்போது அந்த இரண்டு கப்பல்களுக்கு மட்டும் 6 விநாடி ரவுண்டுக்கு இறங்குங்கள். அதைப் பத்து ரவுண்டோடு நிறுத்திவிட்டு மறுபடி கடலுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் திரும்பவும் காத்திருப்பார்கள்.

படி 3: கட்டளை போய்ச் சேரட்டும்

தளபதியின் வேலையே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் ஒரே ஒரு கட்டளையைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கொடி காட்டிச் சொன்னால் அது அடுத்த முறைதான் கேப்டன் கைக்குப் போகும். மூடுபனி இருந்தால் போகவே போகாது. உடனே போக வேண்டுமென்றால் செண்டிங் மந்திரம் இருக்கிறது: ஒரே ஒருவருக்கு, 25 சொற்களுக்குள்.

அது 3ஆம் நிலை மந்திரம், ஃபயர்பாலும் அப்படியே. 5ஆம் நிலை மந்திரவாதியால் 3ஆம் நிலை மந்திரங்களை, எதுவானாலும் சேர்த்து, ஓய்வெடுக்காமல் 2 முறைதான் போட முடியும். மந்திரவாதியான எங்கள் தளபதி ஒரு நிமிடம் யோசித்து, நெருப்பை விட்டுவிட்டு, "பாறைக்கு வடக்கே போகாதே, அங்கே இன்னும் இரண்டு கப்பல் ஒளிந்திருக்கிறது" என்று எழுதியபோது மொத்த மேசையும் அந்தச் சீட்டையே பார்த்தது. நான் ஆசைப்பட்ட தளபதி அதுதான்.

படி 4: சாமான்கள்

காகிதம், கப்பல்களுக்குப் பதில் நாணயங்கள், சீட்டுகள், காற்றின் திசைக்கு ஒரு பென்சில், அவ்வளவுதான். குட்டிக் கப்பல் பொம்மைகள் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் கட்டத்தை மறைக்கும். கணினித் திரையும் வேண்டாம். சீட்டைக் கவிழ்த்து வைக்கும் சுகம் அதில் இல்லை.

பின்சேர்க்கை

இந்த முறையில் ஆடிப் பார்த்த சிலர் கேட்டது: தளபதி நடுவில் செத்துப்போனால்? 1805இல் டிராஃபல்கர் கடற்போரில் அதுதான் நடந்தது. சண்டை உச்சத்தில் இருந்தபோது பிரிட்டிஷ் தளபதி நெல்சன் சுடப்பட்டு விழுந்தார். ஆனாலும் அவருடைய 27 போர்க்கப்பல்கள் எதிரியின் 33ஐ வென்றன. தன் திட்டத்தை அவர் முன்கூட்டியே கேப்டன்களிடம் விளக்கியிருந்தார். அதனால் இப்போது சண்டைக்கு முன்பே ஒரு நிலையான கட்டளையை எழுதி வாங்கிவிடுகிறேன். தளபதி விழுந்தால் அந்தச் சீட்டைத் திறந்து மேசை நடுவில் வைக்கிறோம். அடுத்த தளபதி யார் என்பதும் அதே சீட்டின் கடைசி வரியில் இருக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை அதை எழுத மறந்து, மூன்று கேப்டன்களும் மூன்று திசையில் போனார்கள்.