ரம்மி, பந்தயத் தளங்களுக்குப் போனில் பூட்டுப் போடுவது எப்படி?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, பெரிய ரம்மி, பேண்டஸி கிரிக்கெட் நிறுவனங்கள் இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்திவிட்டன. டெலிகிராம் லிங்க், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பு), வெளிநாட்டுத் தளங்கள் ஆகியவை மட்டும் ஓயவில்லை. விட நினைப்பவர் தன் போனைத் தானே பூட்டிக்கொள்ளத்தான் வேண்டும். தோற்ற ராத்திரியில் இதைச் செய்யாதீர்கள். மனம் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாஸ்வேர்டு எல்லாம் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

முதலில் பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள். தளத்தின் முகவரி நாளுக்கு நாள் மாறும், வங்கிக் கணக்கு மாறாது. பிரிட்டனில் 7995 என்ற வணிகக் குறியீட்டை வைத்து வங்கிகளே சூதாட்டக் கட்டணத்தை மறித்துவிடுகின்றன. இங்கே அது பெரிதாக உதவாது. இந்தத் தளங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் தனிக் கணக்குக்கு க்யூஆர் வழியாகத்தான் பணம் வாங்குகின்றன. வங்கியின் கண்ணுக்கு அது நண்பருக்கு அனுப்பிய பணம். அதனால் எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு போக முடியும் என்பதைக் கட்டுப்படுத்துங்கள்.

சம்பளக் கணக்கை யுபிஐ செயலியிலிருந்து நீக்குங்கள். வாரச் செலவுக்கான தொகை மட்டும் விழும் இன்னொரு கணக்கை இணையுங்கள். நீக்கிய கணக்கைப் பழைய யுபிஐ பின் அல்லது டெபிட் கார்டு எண்ணை வைத்து 2 நிமிடத்தில் திரும்பச் சேர்த்துவிடலாம் என்பதுதான் இதிலுள்ள ஓட்டை. கார்டை வீட்டாரிடம் கொடுத்தாலும் பழைய பின், ஆதார் ஓடிபி வழிகள் மிச்சமிருக்கும். சம்பளக் கணக்கில் பதிவான எண்ணின் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டால் அந்த வழிகளும் அடைபடும். யுபிஐ பதிவுக்கு அந்த சிம் உங்கள் போனுக்குள் இருந்தாக வேண்டும். கிரெடிட் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் வங்கிச் செயலியிலேயே அணைத்துவிடுங்கள். ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், பழைய அனுமதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தளங்கள். பெட்பிளாக்கர், சூதாட்டத் தளங்களைப் போனில் திறக்கவிடாமல் தடுக்கும் இலவசச் செயலி. தேர்ந்தெடுத்த காலம் முடியும்வரை அது பூட்டை அவிழ்க்க விடாது. முதலில் 24 மணி நேரத்துக்குப் போட்டு, வங்கிச் செயலிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு நீண்ட காலத்துக்கு மாற்றுங்கள். எடுத்த எடுப்பில் 5 வருடம் போட்டு, போனில் ஏதாவது முரண்டு பிடித்தால் சிரமம்.

கூடவே நெக்ஸ்ட்டிஎன்எஸ் வைக்கலாம். போன் ஒரு தளத்தின் முகவரியைத் தேடும்போதே வடிகட்டித் தடுக்கும் இணையச் சேவை இது. கணக்கை அந்த நம்பிக்கையானவரின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். 'பேரண்டல் கண்ட்ரோல்' பகுதியில் 'கேம்பிளிங்' வகையைச் சேர்த்து, சுற்றுவழிகளைத் தடுக்கும் பொத்தானையும் போடுங்கள். அங்கே தரப்படும் டிஎன்எஸ்-ஓவர்-டிஎல்எஸ் முகவரியை ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் ஒட்ட வேண்டும். இலவசத் திட்டத்தில் மாதம் 3 லட்சம் முகவரித் தேடல்கள்தான். அதைத் தாண்டினால் இணையம் வழக்கம்போல ஓடும், தடை மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். மாதக் கடைசியில் "திடீரென்று தளம் திறக்கிறதே" என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். செட்டிங்ஸுக்குள் போய் 'பிரைவேட் டிஎன்எஸ்'ஸை அணைக்க சில விநாடி போதும். ஆப் லாக்கில் செட்டிங்ஸையே பூட்டும் வசதி உங்கள் போனில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

குரோம், வாட்ஸ்அப், டெலிகிராம் ஆகியவற்றுக்கு 'அன்னோன் ஆப்ஸ்' நிறுவும் அனுமதியை நீக்குங்கள். கூகுளின் 'மை ஆட் சென்டர்' பக்கத்தில் சூதாட்ட விளம்பரத்தைக் குறைக்கும் பொத்தான் உண்டு. யூடியூபிலும் அது வேலை செய்யும். திரை நேரக் கட்டுப்பாட்டை நம்ப வேண்டாம், போட்டவரே எடுத்துவிடுவார்.

இத்தனைக்கும் பிறகு கை பரபரத்தால் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம். பெட்பிளாக்கர் பூட்டு முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே புதுப்பிக்க, நினைவூட்டலை அந்த நம்பிக்கையானவரின் போனில் வையுங்கள், உங்கள் போனில் வேண்டாம்.