காமெடியன் ஹீரோவாகும்போது எங்கே வழுக்குகிறார்?

மேடையில் மைக் பிடித்தவர், டிவி ஷோவில் கலக்கியவர், ஹீரோவின் நண்பனாக வந்து கவுண்ட்டர் அடித்தவர் என்று வடபழனி, சாலிகிராமம் பக்கம் யாரைக் கேட்டாலும் கையில் ஒரு ஹீரோ கதை இருக்கும். சிலரிடம் டைரக்‌ஷன் ஸ்கிரிப்டே இருக்கும். ஆசையில் தப்பில்லை. ஆனால் காமெடி ட்ராக்கை, அதாவது ஹீரோவின் கதைக்கு நடுவே வரும் தனிச் சிரிப்புப் பகுதியை, இழுத்து நீட்டினால் படமாகிவிடும் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

ட்ராக்கின் கணக்கே வேறு. நாள் சம்பளம், சில நாள் கால்ஷீட். கதையைத் தூக்கிச் சுமப்பது ஹீரோவின் பாடு. சீன் டல்லடித்தால் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்: முதுகு தெரியும் ஷாட், தூரத்து ஷாட் என வாயசைவு தெரியாத இடமாகத் தேடி இன்னொரு கவுண்ட்டரைச் சொருகிவிடுவார்கள். இந்தப் பழக்கத்தோடு ஹீரோவானால் தங்கை அழுகிற சீனிலும் வாய் சும்மா இருக்காது. தியேட்டர் சிரிக்கும், சரி. அடுத்த சீனில் அதே தங்கைக்காகச் சண்டைக்குக் கிளம்பினால் யார் நம்புவார்கள்?

2009-ல் ‘வெண்ணிலா கபடி குழு’வின் பரோட்டா சீனில் பேர் வாங்கிய சூரி, 2023-ல் ‘விடுதலை’யின் கான்ஸ்டபிள் குமரேசனாக வந்தபோது கவுண்ட்டரை ஓரமாக வைத்துவிட்டுத்தான் வந்தார். அதற்காக எல்லாரும் சீரியஸாக மாற வேண்டியதில்லை. 2006-ல் வந்த ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’ முழுக்க வடிவேலுவின் அலப்பறைதான். ஆனால் அதைத் தாங்க இரட்டையர் கதை ஒன்றை இயக்குநர் சிம்புதேவன் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் தனியாகத் தலையில் ஏற்றிக்கொள்வது அடுத்த வம்பு. ஆர்.ஜே.பாலாஜி ‘எல்.கே.ஜி’யில் (2019) எழுத்து, நடிப்போடு நின்றுகொண்டார். அடுத்த வருஷம் ‘மூக்குத்தி அம்மன்’ இயக்கும்போதும் என்.ஜே.சரவணனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

சொந்தக் காசைக் கொட்டுவது பற்றி அந்தக் கால காமெடியன் சந்திரபாபுவுக்கு மேல் உதாரணம் வேண்டாம். எம்.ஜி.ஆரை வைத்து ‘மாடி வீட்டு ஏழை’யைத் தொடங்கினார், படம் பாதியில் நின்றது, வீடும் கையைவிட்டுப் போனது. 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கி நடித்தும் பழைய நிலை திரும்பவில்லை.

அப்புறம், டீக்கடையில் கதை சொல்வது. யாராவது சுட்டுவிட்டால் போச்சு. சினிமா எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகி, கதையைப் பதிவு செய்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.