பெரிய நாயைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? முதலில் அதன் பயத்தைக் கேளுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நாய் இல்லாத வீடு குறைவு. பாதி நாய்கள் தோட்டத்து லயத்து வீட்டுக் காலப் பழக்கப்படி இன்னும் சங்கிலியில்தான் கிடக்கின்றன. ஒருமுறை கைவிடப்பட்ட, முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள நாயை அப்படி வளர்க்க முடியாது. புரூனோ எங்கள் வீட்டுக்கு வந்தபோது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வளர்ப்பு வீட்டுக்கு இரண்டு தடவையாவது போங்கள்

வளர்ப்பு வீடு என்றால், தத்துப் போகும்வரை நாயை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு. புரூனோவை மீட்டு, ஈப்போவில் அப்படித் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. "நல்ல நாயா அக்கா?" என்று கேட்டேன். "எதுக்குப் பயப்படுறான்னு கேளு தம்பி" என்றார். இடி, துடைப்பம், மோட்டார் சைக்கிள் சத்தம் என்று அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். தனியாக விட்டால் என்ன செய்கிறது, கோழியையும் பூனையையும் துரத்துமா, சாப்பிடும்போது கிட்டே போகலாமா என்பதையும் கேளுங்கள். நீங்களே வாரைப் பிடித்து நடத்திப் பாருங்கள். அந்த இழுப்பை உங்களால் தாங்க முடிய வேண்டும்.

2. காகிதங்கள்

தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த சான்று இரண்டையும் வாங்குங்கள். கொசு பரப்பும் இதயப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் நம் நாட்டில் சாதாரணம். இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். நாய் உரிமம் உங்கள் ஊர் நகராண்மைக் கழகத்தில் எடுக்க வேண்டும். ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே கலப்பினமாக இருந்தாலும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

3. வீட்டைச் சுற்றி வாருங்கள்

கேட்டின் அடி இடைவெளி, பின்பக்கக் கால்வாய், வேலியின் உயரம் எல்லாவற்றையும் பாருங்கள். எனக்குப் பெரிய கவலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம்தான். அங்கே மரத்தடியில் எலி மருந்து வைப்பார்கள். அதைத் தின்ற நாய்க்கு உடனே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசியும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு. கே1 வைட்டமின் கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

4. அழைத்து வரும் நாள்

பகலில், விடுமுறை நாளில் அழைத்து வாருங்கள். அது படுத்த துணியையும், தின்று பழகிய உணவையும் கேட்டு வாங்குங்கள். கார் கதவைத் திறக்கும் முன்பே வார் உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் கழுத்துப் பட்டையை மட்டும் நம்பினேன். பக்கத்தில் மோட்டார் ஒன்று உறுமியதும் புரூனோ பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு செம்பனைக்குள் ஓடிவிட்டான். பொழுது சாய்ந்துதான் கிடைத்தான். அக்கா சொன்ன அதே சத்தம்! எழுதி வைத்தும் கோட்டை விட்டேன். நீங்கள் மார்புப் பட்டையும் கழுத்துப் பட்டையும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் வார் மாட்டுங்கள்.

5. முதல் இரண்டு வாரங்கள்

விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு, அதுவாக வரும்வரை விடுங்கள். உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தின்றதும் ஓடவிடாதீர்கள். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால், நள்ளிரவானாலும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

அப்புறம், அக்கம்பக்கம். பக்கத்து மலாய்க் குடும்பத்திடம் முன்பே போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அவர்கள் முஸ்லிம்கள்; நாயின் எச்சில் அவர்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. தீபாவளி வெடிக்கு உள்ளறையைத் தயார் செய்து, மின்விசிறியை ஓடவிட்டு, ஒருவர் கூடவே இருங்கள்.

வளர்ப்பு வீட்டாருடன் தொடர்பை விடாதீர்கள். முதல் மாதம் நான் வாரம் இருமுறை அக்காவை அழைத்தேன். எவ்வளவு முயன்றும் சரிப்பட்டு வராவிட்டால், வேறு யாரிடமும் தள்ளிவிடாமல் அந்த வீட்டுக்கே சொல்லுங்கள். அதற்குத் தெரிந்த வீடு அதுதான்.